பழைய பஸ்ஸுக்கு எந்த கிரீஸ்? உங்கள் டிரெய்லருக்கும் அதே பதில்தான்!

காஞ்சிபுரத்தில் சக்கரங்களுக்குப் பஞ்சமே இல்லை. வைகாசி மாதம் வரதராஜப் பெருமாளின் மரத்தேர் வீதியில் உருளும். முகூர்த்த நாள்களில் பட்டுச்சேலை எடுக்க வரும் கல்யாண வீட்டாரின் வேன்களும் பஸ்களும் காந்தி ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். நவரை அறுவடை தொடங்கிவிட்டால், உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லர்கள் நேரடி கொள்முதல் நிலையங்களை நோக்கி வரிசை கட்டும்.

அந்த வரிசையில் அடிக்கடி ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஒரு டிரெய்லர் மட்டும் சாலையோரம் சாய்ந்து நிற்கும். ஒரு பக்கச் சக்கரத்தின் ஹப்பிலிருந்து கருகிய வாடை வரும். மூட்டைகளை இறக்கி வேறு வண்டிக்கு மாற்ற வேண்டும். அதற்குக் கூலி, மாற்று வண்டிக்கு வாடகை, வரிசையில் பிடித்த இடமும் போச்சு. காரணத்தைத் தேடினால், பெரும்பாலும் ஒரு கைப்பிடி கிரீஸில் வந்து முடியும். கிரீஸே வைக்காமல் விட்டிருப்பார்கள். அல்லது தப்பான கிரீஸை வைத்திருப்பார்கள்.

இரண்டாவது காரணம்தான் இப்போது அதிகம். நம் ஊர் டிரெய்லர்கள் பலவற்றில் இருப்பது கண்டமான லாரி, பஸ்ஸிலிருந்து கழற்றிய பழைய அச்சும் ஹப்பும்தான். வீட்டில் நிற்கும் டிராக்டருக்கும் 25, 30 வயது ஆகியிருக்கும். ஆனால், கடையில் கிடைக்கும் கிரீஸ் இன்றைய வண்டிகளுக்காகத் தயாரானது. மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு என்று ஐந்து நிறத்தில் வாளிகள் அடுக்கியிருக்கும். ‘ஏதோ ஒண்ணு கொடுங்க’ என்று வாங்கி வந்து அடிப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பழங்கால பஸ், கார்களை ஓடும் நிலையில் பாதுகாப்பவர்களுக்கும் இதே பிரச்னை உண்டு. 1950, 60-களில் அச்சான கையேட்டில் எழுதியிருக்கும் கிரீஸ் பெயர்கள் இன்று கடையில் இல்லை. பழைய இரும்புக்குப் பொருந்தும் புதிய கிரீஸைத் தேர்ந்தெடுக்க அவர்கள் கடைப்பிடிக்கும் முறை, விவசாயிகளின் பழைய டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் அப்படியே பொருந்தும்.

வண்டி மையிலிருந்து லித்தியம் வரை

மாட்டு வண்டிக் காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. வைக்கோலைச் சுட்டுக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை தயார். கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைச் சற்று வெளியே இழுத்து, அச்சில் மையைத் தடவிவிட்டுக் கிளம்புவார்கள். மையும் மூங்கில் குழாயும் இல்லாமல் வெளியூர் போகும் வண்டி கிடையாது. மர ஹப்புக்கும் இரும்பு அச்சுக்கும் மெதுவான ஓட்டத்துக்கும் அது போதுமானதாக இருந்தது.

பஸ் வந்தபோது நிலைமை மாறியது. தமிழ்நாட்டில் பஸ் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரான ஜி.டி.நாயுடு, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். பருத்தி, பப்பாளி என்று பயிர் ஆராய்ச்சியிலும் இறங்கிய அவரை விவசாயிகளுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1948-ல் சென்னையில் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. 1960-ல் டாஃபே நிறுவனம் தொடங்கி, மாஸ்ஸி பெர்குசன் டிராக்டர்களைத் தயாரிக்க ஆரம்பித்தது. வேகமும் பாரமும் கூடக் கூட, விளக்கெண்ணெயும் கரியும் தாங்காத இடத்துக்கு கிரீஸ் வந்தது.

ஆனால், விளக்கெண்ணெய் முழுவதுமாக விடைபெற்றுவிடவில்லை. இன்று அதிகம் விற்பனையாகும் லித்தியம் கிரீஸைக் கெட்டியாக்கும் சோப்பு, பெரும்பாலும் ஆமணக்கு எண்ணெயிலிருந்து எடுக்கப்படும் ஒருவகைக் கொழுப்பு அமிலத்தைக் கொண்டுதான் தயாராகிறது. உலகிலேயே அதிகமாக ஆமணக்கு விளைவது இந்தியாவில். அதில் முதலிடம் குஜராத்துக்கு. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. வரப்பில் நிற்கும் ஆமணக்கின் உறவினர்தான் பஸ்ஸின் ஹப்புக்குள்ளும் இருக்கிறது.

கிரீஸ் என்பது எண்ணெய் ஊறிய பஞ்சு

பலரும் நினைப்பதுபோல கிரீஸ் என்பது கெட்டியான எண்ணெய் அல்ல. அதில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, எண்ணெய். பெரும்பகுதி இதுதான். இரண்டாவது, அந்த எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் சோப்பு. மூன்றாவது, துரு பிடிக்காமலும் பாரம் தாங்கவும் சேர்க்கும் மருந்துகள்.

எண்ணெயில் நனைத்த பஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் எண்ணெய் கசியும். விட்டால் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். பேரிங் சுழலும்போது சோப்பு என்ற பஞ்சிலிருந்து எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து குண்டுகளுக்கு இடையில் படலமாக நிற்கிறது. தேய்மானத்தைத் தடுப்பது அந்த எண்ணெய்தான். பஞ்சு கெட்டால் எண்ணெய் மொத்தமும் வழிந்து ஓடிவிடும். அதனால்தான் எந்தச் சோப்பு என்பது முக்கியமாகிறது.

சுண்ணாம்புச் சோப்பு (கால்சியம்): பழைய நாள்களில் ‘கப் கிரீஸ்’ என்று விற்றது இதுதான். தண்ணீரை நன்றாகத் தாங்கும். சூட்டைத் தாங்காது. 60 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்து ஓடினால் இளகும். 100 டிகிரிக்குள் உருகிப் பிரிந்துவிடும். மெதுவாக அசையும் ஷேக்கிள் பின், பழைய தண்ணீர் பம்ப் போன்றவற்றுக்குச் சரி. பிரேக் டிரம்மை ஒட்டியிருக்கும் ஹப்புக்கு ஆகாது.

சோடாச் சோப்பு (சோடியம்): நார் நாராக இழுபடும். சூட்டைத் தாங்கும் என்பதால் பழைய பஸ்களின் ஹப் பேரிங்குகளில் வைத்தார்கள். ஆனால், தண்ணீர் பட்டால் சோப்பு கரைவதுபோலக் கரையும். சேற்றில் இறங்கும் வண்டிக்கு இது கூடவே கூடாது.

லித்தியம் சோப்பு: 1940-களில் வந்தது. தண்ணீரையும் தாங்கும்; சுமார் 120 டிகிரி வரை சூட்டையும் தாங்கும். முன்பு மூன்று டப்பா வாங்கிய இடத்தில் ஒரே டப்பா போதும் என்ற நிலையை உண்டாக்கியது இதுதான். ‘மல்டி பர்ப்பஸ்’ என்று டப்பாவில் எழுதியிருப்பதன் பொருள் அதுவே.

லித்தியம் காம்ப்ளெக்ஸ்: லித்தியத்தின் அடுத்தபடி. உருகுநிலை சுமார் 260 டிகிரி. மலைப்பாதையில் அடிக்கடி பிரேக் பிடிக்கும் பஸ், தினமும் முழுப் பாரம் ஏற்றி நெடுஞ்சாலையில் ஓடும் வண்டி ஆகியவற்றுக்கு ஏற்றது.

கால்சியம் சல்ஃபோனேட் காம்ப்ளெக்ஸ்: விலை கூடுதல். தண்ணீர், துரு, பாரம் மூன்றையும் தாங்குவதில் கெட்டிக்காரன். நாள் முழுக்கச் சேற்றுழவு ஓட்டும் டிராக்டரின் முன் அச்சுக்கு, கட்டுப்படியானால் இதைப் பயன்படுத்தலாம்.

நிறத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் படியுங்கள்

‘சிவப்பு கிரீஸ் சூடு தாங்கும், நீலம் உயர்ந்தது’ என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை. நிறம் என்பது கம்பெனி சேர்க்கும் சாயம். ஒரு கம்பெனியின் சிவப்பும் இன்னொரு கம்பெனியின் சிவப்பும் வேறு வேறு சோப்பாக இருக்கலாம். கறுப்பு மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. அதில் கிராஃபைட் அல்லது மாலிப்டினம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அதையும் டப்பாவைப் படித்துத்தான் உறுதிப்படுத்த வேண்டும்.

டப்பாவில் பார்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது, சோப்பின் பெயர். லித்தியமா, கால்சியமா என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாத டப்பாவை வாங்க வேண்டாம்.

இரண்டாவது, கெட்டித் தன்மைக்கான எண். ‘என்.எல்.ஜி.ஐ.’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் 000-வில் தொடங்கி 6 வரை ஓர் எண் இருக்கும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு கூம்பை 5 விநாடி கிரீஸில் இறங்கவிட்டு, எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்து கொடுக்கும் எண் இது. 00 என்பது கூழ் மாதிரி ஒழுகும். 2 என்பது வெண்ணெய் பதம். 3 அதைவிடக் கெட்டி. கடைகளில் ‘எம்.பி. 3’, ‘ஏ.பி. 3’, ‘ஈ.பி. 2’ என்று சொல்லும்போது பின்னால் வரும் எண் இதைத்தான் குறிக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு ஹப் பேரிங்குகளில் 3-ம், கன் வைத்து அடிக்கும் நிப்பிள்களுக்கு 2-ம் பொருத்தம்.

மூன்றாவது, ‘ஈ.பி.’ என்ற எழுத்து. அதிகப் பாரத்தில் எண்ணெய்ப் படலம் கிழிந்தாலும் இரும்பும் இரும்பும் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மருந்து சேர்த்திருக்கிறது என்று பொருள். கிங் பின், டிரெய்லர் கொக்கி, ஹப் எல்லாவற்றுக்கும் நல்லது.

நான்காவது, உருகி ஒழுகும் வெப்பநிலை. டப்பாவில் 180 டிகிரி என்று போட்டிருந்தால், 180 வரை ஓட்டலாம் என்று அர்த்தமல்ல. அதற்கு 50, 60 டிகிரி கீழேயே வேலை வாங்க வேண்டும்.

பழைய கையேடு சொல்வது… இன்று வாங்க வேண்டியது

பழைய பஸ், டிராக்டர் கையேடுகளில் வரும் பெயர்களுக்கு இன்றைய பதில் இதுதான்.

‘சேஸிஸ் கிரீஸ்’ (ஷேக்கிள் பின், பிரேக் கேம் புஷ், கிளட்ச் பெடல் புஷ்): லித்தியம் ஈ.பி. 2.

‘வீல் பேரிங் கிரீஸ்’ அல்லது ‘ஃபைபர் கிரீஸ்’: லித்தியம் 3. பாரமும் வேகமும் அதிகமென்றால் லித்தியம் காம்ப்ளெக்ஸ்.

‘வாட்டர் பம்ப் கிரீஸ்’: தண்ணீர் தாங்கும் கால்சியம் அல்லது லித்தியம் 3. திருகும் கப் வைத்த பழைய பம்ப்புக்கு மட்டும்தான் இது. இன்றைய பம்ப்புகளில் மூடிய பேரிங் இருப்பதால் கிரீஸ் வைக்கும் வேலை இல்லை.

‘யுனிவர்சல் ஜாயின்ட்’: லித்தியம் ஈ.பி. 2. நான்கு பக்க சீல்களிலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும்.

‘ஸ்பிரிங் கிராஃபைட்’ (பட்டைகளுக்கு நடுவே): கிராஃபைட் கிரீஸ். இதைப் பட்டைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உருளும் பேரிங்குக்குள் வைக்க வேண்டாம். மெதுவாக உரசும் இடத்துக்காகச் செய்யப்பட்ட பொருள் அது.

‘ஸ்டியரிங் பாக்ஸ்’: இங்குதான் நிறைய பேர் தவறு செய்கிறார்கள். பழைய ஸ்டியரிங் பாக்ஸில் எண்ணெய் ஒழுகுகிறது என்று, அதற்குள் 2 அல்லது 3 எண் கிரீஸை அடைத்துவிடுவார்கள். பல்சக்கரம் சுற்றும்போது கெட்டியான கிரீஸ் இரண்டு பக்கமும் ஒதுங்கி, நடுவில் வாய்க்கால் விழுந்துவிடும். பிறகு பல் காய்ந்தே ஓடும், ஸ்டியரிங் இறுகும். கையேட்டில் 90 அல்லது 140 கியர் ஆயில் என்றிருந்தால் அதுவே சரி. சீல் மாற்ற முடியாத அளவுக்குப் பழையதென்றால், கூழ் பதத்தில் இருக்கும் 00 எண் கிரீஸைப் பயன்படுத்தலாம். ஒதுங்கினாலும் மீண்டும் வழிந்து வந்து பல்லை மூடும்.

இன்னொரு விஷயம். பழைய வண்டிகள் சிலவற்றில் நிப்பிள் இருந்தாலும், அது எண்ணெய் அடிப்பதற்காக வைத்த நிப்பிளாக இருக்கும். உள்ளே உள்ள வழி மெல்லியது. அதில் கிரீஸ் அடித்தால் வழி அடைத்துக்கொள்ளும். கையேடு ‘ஆயில்’ என்று சொன்னால் ஆயில்தான்.

வெண்கலம், பித்தளை புஷ் உள்ள பழைய கியர் பாக்ஸ், அச்சுகளில் கியர் ஆயில் ஊற்றும்போதும் கவனம் தேவை. இன்றைய ‘ஜி.எல். 5’ ரக ஆயில்கள் சிலவற்றில் உள்ள கந்தக மருந்து, சூட்டில் பித்தளை, வெண்கலத்தை அரிக்கும். பழைய பெட்டிக்கு ‘ஜி.எல். 4’ என்று கேட்டு வாங்குவது பாதுகாப்பு.

கலப்படம் வெளியில் மட்டுமல்ல!

‘பழைய கிரீஸ் கொஞ்சம் இருக்கு, அது மேலேயே புதுசை அடிச்சிடலாம்’ என்பது ஹப்பைப் பொறுத்தவரை ஆபத்தான சிக்கனம். இரண்டு கிரீஸும் தனித்தனியாக நல்லவைதான். ஆனால், சோப்புகள் ஒத்துப்போகாவிட்டால் பஞ்சு உடைந்து, எண்ணெய் தண்ணீர் மாதிரி ஓடிவிடும். லித்தியமும் சோடியமும் ஒத்துப்போகாது. களிமண் வகையில் தயாராகும் ‘பென்டோன்’ கிரீஸ் மற்ற எதோடும் சேராது என்றே வைத்துக்கொள்ளலாம். மின்மோட்டார்களில் வரும் பாலியூரியா கிரீஸையும் லித்தியத்தோடு கலக்கக் கூடாது. லித்தியமும் லித்தியம் காம்ப்ளெக்ஸும் பொதுவாக ஒத்துப்போகும்.

கலந்த கிரீஸ் இளகி வழிந்தால் அது போகும் இடம் பிரேக் டிரம். பிரேக் ஷூவின் லைனரில் கிரீஸ் ஊறிவிட்டால் பிரேக் பிடிக்காது. ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி இழுத்துக்கொண்டு போகும். பேரிங் போனால் செலவோடு போகும். பிரேக் போனால் உயிரோடு விளையாட்டு. நெல் மூட்டைக்கு மேல் ஆள்களையும் ஏற்றிக்கொண்டு வரும் பழக்கம் உள்ள இடங்களில் இதை மறக்கவே கூடாது.

பழைய வண்டியை வாங்கினால், உள்ளே என்ன கிரீஸ் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் முதல் வேலை, எல்லா ஹப்பையும் கழற்றி முழுவதும் கழுவுவதுதான். அதன் பிறகு எப்போதும் ஒரே வகை. எந்தக் கம்பெனி, எந்த வகை, என்ன எண், என்றைக்கு வைத்தது என்பதை டிரெய்லரின் முன்பலகையில் பெயின்ட்டால் எழுதிவைத்துவிட்டால், அடுத்த தலைமுறைக்கும் குழப்பம் இருக்காது.

ஹப்புக்கு கிரீஸ் வைக்கும் முறை

1. சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல், அச்சுக்குக் கீழே உறுதியான முட்டு வையுங்கள்.

2. பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெய் அல்லது டீசலில் கழுவுங்கள். பிரஷ் வைத்து, குண்டுகளுக்கு இடையில் உள்ள பழைய கிரீஸை முழுவதும் எடுங்கள். காற்றடித்துப் பேரிங்கைச் சுழலவிட்டு விளையாட வேண்டாம். எண்ணெய் இல்லாமல் வேகமாகச் சுற்றினால் கீறல் விழும். உருளை தெறித்துக் காயமும் ஏற்படலாம்.

3. நன்றாக உலரவிடுங்கள். டீசல் ஈரம் இருந்தால் புது கிரீஸ் இளகும்.

4. வெளிச்சத்தில் பாருங்கள். நீலம் பாய்ந்த நிறம் இருந்தால் சூடேறியிருக்கிறது. புள்ளிப்புள்ளியாகப் பள்ளம் இருந்தால் ஆயுள் முடிந்தது. இரண்டில் எது இருந்தாலும் பேரிங்கை மாற்றுங்கள். உள்பகுதியையும் வெளி வளையத்தையும் சேர்த்தே மாற்றுங்கள்.

5. உள்ளங்கையில் கிரீஸை எடுத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தித் தேயுங்கள். மறுபக்கத்தில் குண்டுகளுக்கு இடையே கிரீஸ் பிதுங்கி வர வேண்டும். மேலே பூசுவதால் பயனில்லை.

6. ஹப்பின் உள்வெளியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மட்டும் நிரப்புங்கள். முழுவதும் அடைத்தால் கிரீஸ் கடைபட்டுச் சூடேறும். சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக்குக்கு வரும். ‘நிறைய வெச்சா நல்லது’ என்பது இங்கே செல்லாது.

7. ஆயில் சீலைப் புதிதாகப் போடுங்கள். பழைய அச்சுகளில் ஃபெல்ட் துணி சீல் இருந்தால், அதை எண்ணெயில் நனைத்துப் பொருத்துங்கள்.

8. சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு கையேடு சொல்லும் அளவுக்குத் தளர்த்துங்கள். ஸ்பிளிட் பின் எப்போதும் புதிது. பழைய கம்பியை வளைத்துப் போடுவதால்தான் சில சக்கரங்கள் நடுரோட்டில் கழன்று ஓடுகின்றன.

9. ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இரண்டு பக்க ஹப்பையும் தொட்டுப்பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாத சூடு என்றால், மீண்டும் கழற்றிப் பார்க்காமல் பாரம் ஏற்றாதீர்கள்.

எப்போது அடிக்க வேண்டும்?

உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே முதல் விதி. கையேடு தொலைந்துவிட்டால் இந்தப் பழக்கம் கைகொடுக்கும். சாதாரண உழவில் டிராக்டரின் நிப்பிள்களுக்கு வாரம் ஒருமுறை, அதாவது சுமார் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை. கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு ஓட்டும் நாள்களில் தினமும் மாலை. காலையைவிட மாலையில் அடிப்பது நல்லது. இறங்கிய தண்ணீரையும் சேற்றையும் புது கிரீஸ் வெளியே தள்ளிவிடும். இரவு முழுக்கத் துரு பிடிக்காது. சொர்ணவாரி, சம்பா, நவரை என ஒவ்வொரு பட்டத்துக்கும் சேற்றுழவு முடிந்ததும் முன்சக்கர ஹப்பைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. டிரெய்லர் ஹப்புகளை அறுவடைக்கு முன் வருடம் ஒருமுறையாவது திறக்க வேண்டும்.

அடிப்பதற்கு முன் நிப்பிளின் தலையைத் துணியால் துடைப்பதை மறக்க வேண்டாம். துடைக்காமல் அடித்தால், மேலே ஒட்டியிருக்கும் மண்ணை நாமே உள்ளே தள்ளுகிறோம். கிங் பின்னுக்கு அடிக்கும்போது முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, பாரம் இல்லாமல் அடித்தால்தான் கிரீஸ் எல்லாப் பக்கமும் போகும். கை கன்னிலேயே பல நூறு மடங்கு காற்றழுத்தம் உண்டாகும். கசியும் நுனியில் விரலை வைக்க வேண்டாம். கிரீஸ் தோலைத் துளைத்துவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி குத்திய அளவு காயம்தானே என்று விடக் கூடாது.

கழுவி எடுத்த பழைய கிரீஸையும் டீசலையும் ஏரிக்கால்வாயிலோ வரப்பிலோ கொட்ட வேண்டாம். டப்பாவில் சேர்த்து, கழிவு ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

கேள்வி: கழிவு இன்ஜின் ஆயிலை கிரீஸில் கலந்து, இளக்கி அடிக்கலாமா?

பதில்: கூடாது. கழிவு ஆயிலில் புகைக் கரியும் இரும்புத் துகளும் இருக்கும். பேரிங்குக்கு அது உப்புத்தாள் மாதிரி. இளக்கமான கிரீஸ் வேண்டுமென்றால் 0 அல்லது 1 எண் கிரீஸை வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் மாட்டு வண்டிக்கு இப்போதும் வண்டி மை போடலாமா?

பதில்: மரச்சக்கரமும் இரும்பு அச்சும் உள்ள வண்டியென்றால் தாராளமாகப் போடலாம். சாதாரண கால்சியம் கிரீஸும் போதும். டயர் வண்டியென்றால் உள்ளே இருப்பது பேரிங். அதற்கு வண்டி மை ஆகாது. கரித்தூள் உருளைகளுக்கு இடையில் சிக்கும். லித்தியம் 3 வையுங்கள்.

கேள்வி: மோட்டார் பம்ப் பேரிங்குக்கும் இதே கிரீஸை வைக்கலாமா?

பதில்: முதலில் பேரிங்கின் பக்கத்தைப் பாருங்கள். எண்ணுக்குப் பின்னால் ‘ஸெட் ஸெட்’ அல்லது ‘2ஆர்.எஸ்.’ என்று இருந்து இரண்டு பக்கமும் மூடியிருந்தால், கிரீஸ் உள்ளேயே இருக்கிறது. ஒன்றும் வைக்க வேண்டாம். சத்தம் வந்தால் பேரிங்கையே மாற்ற வேண்டும். திறந்த பேரிங் என்றால் கழுவிவிட்டு லித்தியம் 2 அல்லது 3 வைக்கலாம். அதிலும் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது.

கேள்வி: மரச்செக்கு வைத்திருக்கிறோம். பல்சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் டிராக்டர் கிரீஸ் போதுமா?

பதில்: எண்ணெயிலோ பிண்ணாக்கிலோ கிரீஸ் சொட்டும் வாய்ப்புள்ள எந்த இடத்துக்கும் வண்டி கிரீஸ் கூடாது. உணவு இயந்திரங்களுக்கென்று தனியாக ‘ஃபுட் கிரேடு – எச் 1’ என்ற கிரீஸ் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷருக்கு கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டினால் சுலபமாக இறங்குகிறது. சரியா?

பதில்: தவறு. சாதாரண கிரீஸில் உள்ள கனிம எண்ணெய் அந்த ரப்பரை ஊதவைத்துவிடும். சில நாளிலேயே பிரேக் பிடித்துக்கொண்டு விடாது. அல்லது பிடிக்கவே பிடிக்காது. பிரேக் ஆயிலில் நனைத்தே மாட்ட வேண்டும். ‘ரப்பர் கிரீஸ்’ என்று தனியாக வரும் வகையையும் பயன்படுத்தலாம்.

கேள்வி: வாளியைத் திறந்தால் மேலே எண்ணெய் மிதக்கிறது. கெட்டுவிட்டதா?

பதில்: கொஞ்சம் எண்ணெய் பிரிந்து நிற்பது இயல்பு. சுத்தமான குச்சியால் கலக்கிப் பயன்படுத்தலாம். நிறைய பிரிந்திருந்தாலோ, வெள்ளையாகப் பால் மாதிரி ஆகியிருந்தாலோ, விரலில் தேய்த்தால் மண் மாதிரி நெருடினாலோ தூக்கிப்போட வேண்டியதுதான். நெல் தூற்றும் களத்தில் வாளியைத் திறந்து வைக்காதீர்கள். பதரும் தூசும் ஒட்டிக்கொள்ளும்.

கோயில் தேர் வருடத்தில் ஒரு நாள்தான் உருள்கிறது. அதற்கே முன்கூட்டிச் சக்கரத்தையும் அச்சையும் பார்த்து எண்ணெய் இடுகிறார்கள். வருடம் முழுக்கப் பாரம் சுமக்கும் டிரெய்லருக்கு, அறுவடைக்கு முன் ஒரு நாள் ஒதுக்குவது பெரிய விஷயமல்ல. அடுத்த முறை கடைக்குப் போகும்போது ‘ஏதோ ஒண்ணு’ என்று கேட்காமல், ‘லித்தியம், ஈ.பி., 2 எண்’ என்று சொல்லிக் கேளுங்கள். கொள்முதல் நிலைய வரிசையில் உங்கள் வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும்.